எனக்கு நான் போட்ட மார்க்

பெருந்துறை தொழிற்பேட்டையில் உள்ளாடை தைக்கும் ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பதும் ஆள் அனுப்புவதும் என் வேலை. கதவில் மனிதவள மேலாளர் என்று போர்டு தொங்கும். தையல் பெண்கள் ஹெச்.ஆர். அக்கா என்பார்கள். போன ஆவணி மாத ஆரம்பத்தில் எங்கள் முதலாளிக்குத் திடீரென்று எங்கள் மனசையெல்லாம் அளந்து பார்க்க ஆசை வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மாளை வரவழைத்தார். அந்த அம்மாள் ஆபீஸ்காரர்கள் எல்லாரையும் கான்பரன்ஸ் அறையில் உட்கார வைத்து, மனிதர்களின் இருண்ட குணங்கள் என்று தலைப்புப் போட்ட கேள்வித்தாளை ஆளுக்கொன்று கொடுத்தார்.

அதில் கேள்வி என்று ஒன்றும் இல்லை. எல்லாம் வாக்கியங்கள். 'என் காரியம் ஆக வேண்டுமென்றால் இனிமையாகப் பேசி ஆளை வளைப்பேன்.' 'அடுத்தவர் அழுதால் எனக்குள் ஒன்றும் ஆவதில்லை.' 'எனக்குரிய இடம் கிடைக்காத காரியத்தைக் கெடுக்கவும் தயங்க மாட்டேன்.' இப்படி நாலு பக்கம். துளியும் இல்லை என்றால் ஒன்று, அப்படியே நான்தான் என்றால் ஐந்து. நடுவில் இரண்டு, மூன்று, நாலு.

எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏறக்குறைய எல்லாரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மூன்று, மூன்று, மூன்று என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பயிற்சியாளர் அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு எங்கள் ஸ்டோர்ஸ்காரர் எழுந்து நின்று பவ்யமாகச் சொன்னார். "ஒண்ணு போட்டா பீத்திக்கற மாதிரி இருக்குமுங்க. அஞ்சு போட்டா அசிங்கமுங்க. மூணு போட்டா யாருக்கும் சங்கடமில்லை பாருங்க." அறையே தலையாட்டியது. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. மனசை அளக்க வந்தவளுக்குக்கூட மனம் நோகக் கூடாது.

நான் மூன்று போடவில்லை. நான் அவ்வளவு வெள்ளந்தி கிடையாது. இன்டர்வியூவுக்கு இந்த மாதிரித் தாள் தயார் பண்ணுகிறவளே நான்தான். எந்த வரியில் கண்ணி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரியும். ஒன்றும் இரண்டுமாகப் போட்டேன். ரொம்ப நல்லவளாகத் தெரிந்தால் சந்தேகம் வரும் என்று இரண்டு இடத்தில் நாலு போட்டேன். கூட்டிப் பார்த்ததில் எனக்குத்தான் அந்த அறையிலேயே குறைந்த மார்க். குறைந்தால் நல்லது. பயிற்சியாளர் அம்மாள் என் தாளைத் தூக்கிக் காட்டி, இப்படி ஈர மனசுக்காரர் ஹெச்.ஆரில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம் என்றார். கை தட்டினார்கள். நானும் அடக்கமாகக் கும்பிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, நான் வேலையில் கெட்டிக்காரி. ஒருத்தரை வேலையை விட்டு அனுப்ப வேண்டுமென்றால் நான் கத்த மாட்டேன், மிரட்ட மாட்டேன். உட்கார வைத்து டீ சொல்லி, "ஏன் கண்ணு, இப்படி மெலிஞ்சு போயிட்டே? ஊட்டுல புள்ளைய யாரு பாத்துக்கறாங்க? ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துக்கிட்டா ஆகாதா?" என்பேன். பத்தாவது நிமிடம் அவளே ராஜினாமாக் கடிதம் எழுதித் தருவாள். போகும்போது, "உங்களை மாதிரி யாருங்கக்கா கேப்பாங்க" என்று கண் கலங்குவாள். அவள் கதவைத் தாண்டியதும் நான் கடிதத்தைப் பைலில் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. நடப்பது இதுதான்.

கை தட்டெல்லாம் முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போனார்கள். மேஜையில் எழுதாத தாள் ஒன்று மிச்சமிருந்தது. எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஏன் என்று கேட்டால், அடுத்த வாரக் கடைசியில் என் தம்பிக்குக் கல்யாணம். முப்பத்தெட்டு வயதில் அவனுக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணம் ஏழு வருடம் முன்னாலேயே நடந்திருக்க வேண்டியது. நடக்காததற்குக் காரணம் நான். அது எனக்கும், இன்னொரு வீட்டுக்காரர்களுக்கும் மட்டும்தான் தெரியும் என்று அன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். பம்புக்கு வேண்டிய உதிரிகளைக் கடைந்து கொடுப்பான். அதிகம் பேச மாட்டான். அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான், நான் காலேஜ். சமைத்துப் போட்டது, சட்டை தேய்த்துக் கொடுத்தது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம் நான்தான். அவன் முப்பத்தொரு வயதில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். லேபில் வேலை பார்க்கிற பெண், கத்தோலிக்கக் குடும்பம், அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். நான் அப்பா குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குதிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, "பையன் சந்தோசமா இருந்தாச் சரி. சர்ச்சுலயே தாலி கட்டட்டும். நம்ம சனத்துக்கு ஒரு விருந்து வெச்சுப்போட்டாப் போகுது" என்றார்.

எனக்கு அந்த இடத்தில்தான் சுருக்கென்றது. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவள் நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். பொண்டாட்டி வந்த பிறகும் கூடப்பிறந்தவளைக் கைவிட மாட்டேன் என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. அக்கா தங்கை இல்லாதவன்கூட ஒன்றுவிட்ட அக்காவையாவது தேடிப் பிடித்து நிறுத்துவான். சர்ச்சில் கல்யாணம் என்றால் அது கிடையாது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். அம்மா இல்லாத வீட்டில் அத்தனை வருடம் உழைத்தவளுக்கு ஒரு நாற்காலி. மதம், சாதி, ஊர்வாய் என்று நான் பிற்பாடு எனக்கே என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பூசி மெழுகியது. அன்றைக்கு வந்தது அந்த நாற்காலி ஆத்திரம்தான்.

யாரிடமும் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். பூ, பழம், ஒரு கிலோ மைசூர்பாகு. அவள் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க வாங்க, நாங்களே வரோணும்னு இருந்தமுங்க" என்று தாங்கினார். காப்பி குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன்.

"எங்களுக்கு முழுச் சம்மதமுங்க. உங்க பொண்ணு எங்க ஊட்டுக்கு வர்றது எங்க புண்ணியமுங்க. அப்பாவுக்குத்தான், இந்தப் பேச்சு எடுத்ததுல இருந்து நெஞ்சுவலிங்க. ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். நீங்க அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. ஆண்டவன் பாத்துக்குவான். கல்யாணத்தை ஜாம்ஜாம்னு நடத்திப்போடலாமுங்க."

அப்பாவுக்கு நெஞ்சுவலியும் இல்லை, நெஞ்செரிச்சலும் இல்லை. அன்றைக்குக் காலையில் பத்து இட்லி சாப்பிட்டிருந்தார்.

அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. "ஐயோ, அப்படிங்களா" என்றார். கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். "கண்ணு, தம்பிகிட்ட மட்டும் இதச் சொல்லிப்போடாத. அவனுக்குத் தெரியாம வெச்சிருக்கோம். தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவான்." அவள் சரிங்கக்கா என்றாள். என் பேச்சில் வேண்டாம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, நீங்கள் அதை நினைக்காதீர்கள் என்று சொன்னால், அதைத்தான் நினைக்க வேண்டும் என்று அர்த்தம். வெளியூர்க்காரர்களாக இருந்தால், சரிங்க, நினைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் பத்திரிகை அடித்திருப்பார்கள். இவர்கள் கௌரவமானவர்கள். பத்தே நாளில் அவள் தம்பியிடம் ஒத்துவராது, என்னை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு எப்படி இருந்தது என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. பசித்தது. அவிநாசியில் பஸ் நின்றபோது வேர்க்கடலை வாங்கித் தின்றேன்.

தம்பி சண்டை போடவில்லை, குடிக்கவில்லை, தாடி விடவில்லை. பட்டறைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். சிரிப்பது மட்டும் நின்றுவிட்டது. அடுத்த வருடமே நான் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்தேன். பெண் கிடைத்தால்தானே? எங்கள் பக்கத்தில் இப்போது பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள், பெண் வீட்டார் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. லேத் பட்டறையா, கவர்மென்ட் வேலை இல்லையா, தோட்டம் எத்தனை ஏக்கர், மாமியார் இல்லையா, நாத்தனார் எங்கே இருக்கிறாள். தரகர்கள் பாலக்காட்டுப் பக்கம் பார்க்கலாமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வருடம் ஓடியது. மூன்று வருடம் முன்னால் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி, சளி கட்டி இறந்துபோனார். கருமாதி அன்றைக்கு அந்தப் பெண் புருஷனோடு துக்கம் கேட்க வந்திருந்தாள். நான்தான் காப்பி கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். ஒருவழியாகப் போன வைகாசியில் தாராபுரம் பக்கம் ஒரு பெண் அமைந்தாள்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, சாத்திய கதவுக்குப் பின்னால், அந்தத் தாளை நிஜமாக எழுதினேன். 'இனிமையாகப் பேசி ஆளை வளைப்பேன்.' ஐந்து. 'அடுத்தவர் அழுதால் எனக்குள் ஒன்றும் ஆவதில்லை.' ஐந்து. 'எனக்குரிய இடம் கிடைக்காத காரியத்தைக் கெடுக்கவும் தயங்க மாட்டேன்.' ஐந்து. கூட்டினேன். அட்டவணையில் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. கவலைக்குரியது என்று எழுதியிருந்தது. எனக்குக் கவலை வரவில்லை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். அதிலாவது பயம் இருக்கும். தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

சாயங்காலம் பயிற்சியாளர் அம்மாள் இன்னொரு தாள் கொடுத்தார். அதே வாக்கியங்கள், ஆனால் நம்மைப் பற்றி வேறொருத்தர் மார்க் போட வேண்டும். ஆபீசுக்கு வெளியே, உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாங்கி வாருங்கள் என்றார். என் வீட்டுக்காரரிடம் கொடுத்தால், நீயே போட்டுக்கோ என்று கையெழுத்தை மட்டும் போட்டுத் தருவார். கூறைச்சேலை எடுக்க ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் போக வேண்டியிருந்தது. தம்பி இருக்கிறானே, நான் வளர்த்த பிள்ளை, நல்லதாகத்தான் போடுவான் என்று நினைத்தேன்.

சேலை எடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். ஞாயிறு என்றாலும் கல்யாணச் செலவுக்காக மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "இந்தா, அக்கா எப்படிப்பட்டவள்னு மார்க் போடு" என்று சிரித்துக்கொண்டே நீட்டினேன். மெஷினை நிறுத்தி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் துடைத்துவிட்டு வந்து வாங்கினான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். கால்மணி நேரம் ஆகியிருக்கும். நான் அந்த நேரத்தில் போனில் மண்டபத்துக்காரரோடு வாழை இலை அளவு பேசிக்கொண்டிருந்தேன். தாளை மடித்துக் கொடுத்து, "பஸ்ல போய்ப் பாருக்கா" என்றான்.

காந்திபுரத்தில் ஈரோட்டு பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்தேன். மூன்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஐந்து. என் கையால் நான் கிழித்துப் போட்டேனே, அந்தத் தாளை அச்செடுத்த மாதிரி இருந்தது. 'தேவைப்பட்டால் பொய் சொல்லி ஆளை மடக்குவார்' என்ற வரிக்கு எதிரே ஐந்து போட்டு, பக்கத்தில் பென்சிலில் பொடி எழுத்தில் எழுதியிருந்தான்: அப்பாவுக்கு நெஞ்சுவலி.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னைப் பற்றிய நிஜமான மார்க். முதலில் எனக்கு வந்தது கோபம். ஆபீசில் கொடுக்க வேண்டிய தாளில் இதை எழுதி வைத்திருக்கிறானே என்ற கோபம். இரண்டாவதாக, பென்சிலில்தானே எழுதியிருக்கிறான் என்று நிம்மதி. கைப்பையில் மகனின் அழிரப்பர் கிடந்தது. மடியில் வைத்து அழித்தேன். அந்த வார்த்தைகளை அழித்தேன், ஐந்துகளையும் அழித்தேன், எல்லா வரியிலும் மூன்று எழுதினேன். கருமத்தம்பட்டி தாண்டிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்துவிட்டதே என்ற விஷயம் உறைத்தது. அவிநாசியில் இறங்கிப் போன் செய்தேன்.

"எப்பத் தெரியும்?"

"அப்பா கருமாதியன்னிக்கு. அவளைப் பஸ் ஏத்திவிடப் போனனில்ல. பெரியவருக்கு அப்பவே நெஞ்சுவலி இருந்துதே, எப்படியோ இத்தனை வருசம் தாக்குப்புடிச்சாரேன்னு சொன்னா. ஆஸ்பத்திரியில டாக்டரு, இந்த வயசுக்கு ஹார்ட் கல்லு மாதிரி இருக்குதுன்னு சொன்னதும் நாந்தானே கூட நின்னு கேட்டேன்."

"அவகிட்ட என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன். அவ கையில கொழந்தை இருந்துது."

"மூணு வருசமா என்கிட்ட ஏன் கேக்கலை?"

பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நிறுத்தினான். "கேட்டா? நீ அழுவே. நாந்தான் சமாதானப்படுத்தோணும். எனக்கு அதுக்குத் தெம்பில்லைக்கா."

இந்த இடத்தில் ஒரு மனுஷி என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்னை மன்னித்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாமல் செய்துவிட்டேன் என்றாவது பொய் சொல்லியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, கூறைச்சேலைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நான் கேட்டது இதுதான்.

"அப்ப இணைச்சீருக்கு நான் நிக்கட்டுமா, வேண்டாமா?"

சித்தப்பா பெண்ணை நிறுத்திவிடுவானோ என்பதுதான் என் பயம். அவன் மனசு என்ன பாடுபடும் என்ற நினைப்பு அந்த நேரம் வரவில்லை.

"நில்லுங்க" என்றான். "சனத்துக்கு முன்னால என்னத்தச் சொல்றது. வேற கூடப்பொறந்தவ எனக்கு எங்க இருக்குது." போனை வைத்துவிட்டான்.

மறுநாள் மூன்றுகள் நிரம்பிய தாளை ஆபீசில் கொடுத்தேன். பயிற்சியாளர் அம்மாள் உதட்டைப் பிதுக்கிவிட்டு மற்ற தாள்களோடு சேர்த்து வைத்தார். அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் பந்தல்காரர், சமையல்காரர், பூக்காரர் என்று ஓடியது. தம்பி நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். சரிங்க, வேண்டாமுங்க, உங்க இஷ்டமுங்க. என் வீட்டுக்காரர், மாப்பிள்ளை ஆனதும் பையனுக்கு மரியாதை கூடிப்போச்சு என்று சொல்லிச் சிரித்தார்.

கல்யாணத்தன்று விடிகாலையில், முகூர்த்தத்துக்கு முன்னால், இணைச்சீருக்குக் கூப்பிட்டார்கள். சீர் செய்துவைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். நான் அரக்குப் பட்டுக் கட்டியிருந்தேன். சேலையின் ஒரு முனையை அவன் கையிலும் மறுமுனையை என் கையிலும் கொடுத்தார். கெட்டி மேளம் இல்லை, மெதுவான மேளம்தான். முன்னால் நாற்காலிகளில் சொந்தக்காரர்கள் எல்லாம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வருடமாக நான் கேட்ட இடம் அதுதான், கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். கால் வலித்தது. மண்டபத்து ஏ.சி. கழுத்தில் அடித்தது.

அப்போது எனக்குக் கண்ணீர் வந்தது. பொலபொலவென்று வந்தது. நானாக வரவழைத்தேனா, அதுவாக வந்ததா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது. முன்வரிசையில் யாரோ, "அம்மா இருந்த எடத்துல நின்னு வளத்துனவ, அழுகாம என்ன செய்வா" என்றார்கள். இரண்டு மூன்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போட்டோகாரர் குனிந்து, நிமிர்ந்து, கிட்டே வந்து, என் முகத்தை எடுத்தார்.

தம்பி நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்த முகமாகவே நின்றிருந்தான். உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"போதுமுங்கக்கா. அவரு எடுத்துப்போட்டாரு."

கண்ணைத் துடைத்தேன். அழுகை அந்த நொடியே நின்றுவிட்டது.